உரிமம் பெற்ற சூது ஹலால் ஆகிவிடுமா?

 

சூதாட்டம் ஹராம் என்பது நம் பிள்ளைகள் மத்ரஸாவில் சிறுவயதிலேயே கற்றுக்கொள்ளும் பாடம். அதை மறுப்பவர் நம்மில் எவரும் இல்லை. ஆயினும் அண்மைக் காலமாக நம் இளைஞர்கள் ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். "இது சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நிறுவனம் பதிவு பெற்றது. அரசு அதனிடம் வரி வாங்குகிறது. அப்படியிருக்க, இது எவ்வாறு ஹராமாகும்?" என்பதே அந்தக் கேள்வி. இதை வீம்புக்குக் கேட்கிறார்கள் என்று தள்ளிவிட முடியாது. நாட்டின் சட்டமே இந்த விஷயத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது, இளைஞர் குழம்புவதில் வியப்பில்லை. எனவே சட்டம் எந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறது, மார்க்கம் எந்த அளவுகோலைத் தருகிறது என்பதை நாம் பொறுமையாகப் பார்க்க வேண்டியுள்ளது.

கறம்பக்குடியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் உழைப்பின் அருமை அறிந்தவை. தென்னம்பிள்ளையை நட்டு, தண்ணீர் ஊற்றி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் முதல் காய் பறிக்கிறோம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அந்த உழைப்பை ஒரே இரவில் சாய்த்தபோது, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்கள் வெயிலிலும் பிரிவிலும் சேர்த்த பணம் மாதந்தோறும் வீடு வந்து சேர்கிறது. அந்தப் பணம் இன்று கைப்பேசி வழியாக ஓர் இரவுக்குள் கரைந்துவிட முடியும். புயல் அடித்தால் ஊரே கூடி வந்து உதவும். இந்த இழப்போ பூட்டிய அறைக்குள் நிகழ்கிறது. அடுத்த அறையில் உறங்கும் மனைவிக்குக்கூடத் தெரிவதில்லை.

சட்டம் நடந்து வந்த பாதை

தமிழகத்தில் சூதாட்டத்தைத் தடுக்கும் அடிப்படைச் சட்டம் ஆங்கிலேயர் காலத்தில், 1930ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பணம் வைத்து ஆடும் இடங்களை அது தடை செய்தது. ஆனால் வெறும் திறமையால் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது. அந்த ஒரு விலக்குதான் இன்று வரை நடக்கும் வழக்குகள் அனைத்திற்கும் வாசலாக அமைந்தது.

அறிஞர் அண்ணா முதல்வராக இருந்த 1968ஆம் ஆண்டில் தமிழக அரசே பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற முழக்கம் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. பிற்காலத்தில் பிற மாநிலச் சீட்டுகளும் ஒற்றை எண் சீட்டுகளும் பெருகி, கூலித் தொழிலாளியின் அன்றாடக் கூலியையே விழுங்கத் தொடங்கின. இறுதியில் 2003 ஜனவரியில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவின் அரசு லாட்டரி விற்பனை முழுவதையும் தடை செய்தது. அண்டை மாநிலமான கேரளத்திலோ 1967இல் அரசு தொடங்கிய லாட்டரி இன்றும் அரசின் வருவாயாகவே நீடிக்கிறது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம். அந்தப் பக்கம் அரசுத் துறையின் பணி.

குதிரைப் பந்தயத்தின் கதையும் இதுவே. அதை ஒழிப்பதற்காக 1974இல் கலைஞர் கருணாநிதியின் அரசு சட்டம் இயற்றியது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, ஆகவே சூதாட்டம் அல்ல என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பின்னர் சூது கைப்பேசிக்குள் நுழைந்தது. 2020 நவம்பரில் தமிழக அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை அவசரச் சட்டத்தால் தடுத்தது. அதனைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பின், அதே ஆண்டு அக்டோபரில் சட்டப்பேரவை புதிய சட்ட முன்வரைவை நிறைவேற்றியது. ஆளுநர் அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். பேரவை அதே மாதம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று கூறியது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றும் கூறிவிட்டது.

தடுக்க முடியாததை ஒழுங்குபடுத்தவாவது செய்வோம் என்று, தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிமுறைகளை வெளியிட்டது. 18 வயதுக்குக் குறைந்தோர் ஆடக்கூடாது. ஆதார் வழியாக அடையாளம் உறுதிசெய்யப்பட வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்துக்குள் நுழைய முடியாது. நெடுநேரம் ஆடுவோருக்குத் திரையில் எச்சரிக்கை தோன்ற வேண்டும் என்பன அவற்றுள் சில. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றுக்கொண்டது. இரண்டே மாதங்களில், 2025 ஆகஸ்டில், நாடாளுமன்றம் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதையும் நடத்தக்கூடாது என்றது அச்சட்டம். நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழி செய்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன.

இந்தப் பாதையைத் திரும்பிப் பாருங்கள். ஒரே மனிதர், ஒரே அறையில், ஒரே ஆட்டத்தை ஆடுகிறார். 2020 அக்டோபரில் அது அனுமதிக்கப்பட்டது; டிசம்பரில் குற்றம்; மறு ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஹலால், ஹராம் என்ற முடிவை இந்த நாட்காட்டியிடமா நாம் ஒப்படைப்பது?

இரண்டு அளவுகோல்கள்

வெற்றிக்குக் காரணம் திறமையா, அதிர்ஷ்டமா என்பதே சட்டம் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி. சீட்டுக்கட்டு கைக்கு வருவது அதிர்ஷ்டம். வந்த சீட்டை நினைவில் வைத்து அடுக்குவது திறமை. இரண்டில் எது மிகுதி என்று எடை போட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொல்கிறது.

மார்க்கம் கேட்கும் கேள்வி வேறு. இந்தப் பணம் எங்கிருந்து வந்து, எந்த உரிமையில் உன் கைக்கு மாறியது? இதுவே அதன் கேள்வி. இருவரும் பணம் வைக்கிறார்கள். ஒருவர் பெறுவது முழுவதும் மற்றவர் இழந்தது. இடையில் பொருளும் கைமாறவில்லை, உழைப்பும் கைமாறவில்லை, மனமுவந்த அன்பளிப்பும் இல்லை. அதுவே 'மைஸிர்'. ஒருவர் பொருளை ஒருவர் தவறான வழியில் உண்ணக்கூடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 188ஆம் வசனமும் அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனமும் விலக்குகின்றன. அங்கே திறமைக்கு விலக்கு எதுவும் கூறப்படவில்லை.

இஸ்லாம் திறமையை மதிக்கவில்லை என்பது இதன் பொருளன்று. அம்பெய்தல், குதிரையோட்டம், ஒட்டகவோட்டம் ஆகிய போட்டிகளுக்குப் பரிசு வைக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். அதிலும் நம் ஃபிக்ஹு அறிஞர்கள் நுட்பமான நிபந்தனை ஒன்றை வைத்தார்கள். பரிசை ஆட்சியாளரோ மூன்றாம் நபரோ தரலாம். போட்டியாளர்களில் ஒருவர் மட்டும் தரலாம். இருவருமே பணம் வைத்து, வென்றவர் அனைத்தையும் அள்ளிச் செல்வது என்றால் அது பெரும்பாலான அறிஞர்களிடம் சூதாகிவிடுகிறது. குதிரையை ஓட்டுபவருக்குத் திறமை இருக்கிறது. அதை அறிஞர்கள் மறுக்கவில்லை. அந்தத் திறமை பணம் வந்த வழியைத் தூய்மைப்படுத்தாது என்பதே அவர்களின் நிலைப்பாடு.

இதற்கு வரலாற்றிலேயே தெளிவான சான்று உண்டு. ரோமர்கள் மீண்டும் வெற்றி பெறுவார்கள் என்று அர்ரூம் அத்தியாயம் அறிவித்தபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்காவின் இணைவைப்பாளர்களிடம் அதன் மீது பந்தயம் கட்டினார்கள். பந்தயம் தடை செய்யப்படுவதற்கு முந்திய நிகழ்வு அது என்ற விளக்கத்தோடே அச்செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. அல்லாஹ்வின் வாக்குறுதியைவிட உறுதியான அறிவு எங்கே உண்டு? அத்தகைய உறுதியின் மீது கட்டிய பந்தயத்துக்கே, தடைக்கு முன் நடந்தது என்ற விளக்கம் தேவைப்பட்டது. அப்படியானால் கிரிக்கெட் வீரர்களின் புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்திருக்கும் நம் இளைஞரின் 'அறிவு' எம்மாத்திரம்?

வருவாய் என்னும் வாதம்

சூதுக்கு உரிமம் வழங்கும் அரசுகள் எங்கும் சொல்லும் நியாயம் ஒன்றுதான். அந்த வருவாயால் பள்ளியும் மருத்துவமனையும் நடக்கின்றன என்கின்றன அவை. இந்த வாதமும் புதிதன்று. அறியாமைக் கால அரபியர் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் கொண்டு பங்கு பிரித்துச் சூதாடினர். வென்றவர் அந்த இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதைப் பெருமையாகக் கருதினர் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். பஞ்ச காலத்தில் அது வறியோர் பசியையும் தீர்த்திருக்கிறது.

அல்லாஹ் இதை மறைக்கவில்லை. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை அல்பகரா 219ஆம் வசனம் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. அந்தப் பயனைவிட அவற்றின் பாவம் பெரிது என்பதே தீர்ப்பு. பயனே இல்லை என்று கூறியிருந்தால் மறுப்பது எளிது. பயனை எடை போட்டுவிட்டு வழங்கிய தீர்ப்பை மறுப்பதற்கு வழியில்லை. 2023 அக்டோபர் முதல் இணையப் பண விளையாட்டில் கட்டப்படும் தொகைக்கு 28 விழுக்காடு வரி வசூலிக்கப்பட்டது. வரி கட்டியதால் வாங்கியவருக்கு அது வருவாய் ஆனது. இழந்தவர் வீட்டில் அது இழப்பாகவே இருந்தது.

உலகின் பிற நாடுகளிலும் இதே காட்சிதான். நைஜீரியாவில் லாட்டரிக்கு உரிமம் தரும் அதிகாரம் நடுவண் அரசுக்கா, மாநிலங்களுக்கா என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2024 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அது மாநிலங்களுக்கே உரியது என்று கூறி 2005ஆம் ஆண்டின் தேசிய லாட்டரிச் சட்டத்தை ரத்து செய்தது. நம் நாட்டிலும் பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனமாக உள்ளன. இணைய விளையாட்டு அதற்குள் அடங்குமா, நடுவண் அரசின் அதிகாரத்துக்குள் வருமா என்பதே இங்கும் வழக்கு. யார் உரிமம் தருவது, யார் தடுப்பது என்று பெரியவர்கள் வழக்காடுகிறார்கள். தோற்றவரின் வீட்டு அடுப்பு அந்த வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படுவதில்லை.

சட்டம் செய்வதும் செய்ய முடியாததும்

ஒழுங்குமுறை வேண்டும் என்போரின் வாதத்திலும் உண்மை உண்டு. அதை நேர்மையாக ஏற்க வேண்டும். தடை விதித்தால் சூது மறைந்துவிடுவதில்லை. லாட்டரி தடை செய்யப்பட்டு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் மூன்று எண் சீட்டு விற்றதாகக் கைதான செய்திகள் நாளிதழ்களில் வந்தவண்ணம் உள்ளன. இங்கே பதிவான நிறுவனம் மூடினால், எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்றே தெரியாத செயலி அந்த இடத்தைப் பிடிக்கிறது. அதில் வயதுச் சோதனையும் இல்லை. இரவு நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஏமாந்தால் முறையிட இடமும் இல்லை. ஆகவே ஓர் அரசு தடையைத் தேர்வதா, கட்டுப்பாட்டைத் தேர்வதா என்பது ஆட்சியியலில் உண்மையான கேள்விதான். நாம் தடையை வரவேற்கிறோம். ஆனால் தடை வந்துவிட்டது, இனி நம் வேலை முடிந்தது என்று எண்ணுவது பெரும் ஏமாற்றமாக முடியும்.

சட்டத்தின் கண் நிறுவனத்தையும் வங்கிக் கணக்கையும் காணும். இஷாவுக்குப் பின் கதவைச் சாத்திக்கொள்ளும் மகனை அது காணாது; பெற்றோர் காண்பார்கள். மஃரிபுக்கு முதல் வரிசையில் நின்றவர் சில மாதங்களாக வரவில்லை என்பதைச் சட்டம் அறியாது, பள்ளிவாசல் அறியும். அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் சூதை விலக்கும்போது, அதன் விளைவுகளையும் சொல்கின்றன. அது மனிதர்களிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டுகிறது. இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கிறது. இவை அனைத்தும் வீட்டிலும் ஊரிலும் முதலில் வெளிப்படும் அடையாளங்கள். காவல் நிலையத்துக்கு அவை கடைசியாகத்தான் வந்து சேரும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, நம் கைகளைத் தூய்மையாக்குவது. நம் ஊர்ப்பகுதிகளில் விடுமுறை நாட்களில் கிரிக்கெட், கைப்பந்துப் போட்டிகள் நடக்கின்றன. ஒவ்வோர் அணியிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தையே முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று பிரித்துத் தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மேலே சொன்ன நிபந்தனையை இதோடு பொருத்திப் பாருங்கள். எல்லா அணிகளும் பணம் வைக்கின்றன. வென்ற அணி அள்ளிச் செல்கிறது. கைப்பேசியில் நாம் கண்டிப்பதையே மைதானத்தில் கைதட்டி நடத்துகிறோம். இதை மாற்றுவது கடினமன்று. பரிசுத்தொகையை ஊர்ப் பெரியவர்களோ வணிகர்களோ அன்பளிப்பாகத் தரட்டும். கட்டணம் வாங்கினால் அது பந்து, பந்தல், நடுவர் செலவுக்கு மட்டும் போகட்டும். விளையாட்டும் நிலைக்கும், பிள்ளைகள் ஹலாலின் எல்லையை மைதானத்திலேயே கற்றுக்கொள்வார்கள்.

இரண்டாவது, சூதில் விழுந்தவரை நாம் நடத்தும் விதம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்கூட ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகிறவரையுமே தண்டிக்கிறது. சட்டம் பாதிக்கப்பட்டவராகக் கருதும் ஒருவரை நாம் தெருவில் கேலிப் பொருளாக்கினால், அவர் எங்கே போவார்? இழந்ததை மீட்க மீண்டும் அதே செயலிக்குப் போவார். கடன் செயலியில் வட்டிக்கு வாங்குவார். சூதோடு வட்டியும் சேர்ந்துகொள்ளும். மனைவியின் நகை அடகுக்குப் போகும். அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தமிழகம் கண்டது. சட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்ததே அந்த மரணங்களுக்குப் பின்னர்தான். நம் பிள்ளைகளில் ஒருவர் அந்த விளிம்பில் நிற்கும்போது, அவர் தயங்காமல் வந்து பேசக்கூடிய ஒரு மனிதராவது ஜமாஅத்தில் இருக்க வேண்டும். பாவத்தைக் கண்டிப்போம், பாவமன்னிப்பின் வாசலில் நிற்பவரைத் துரத்தாதிருப்போம்.

மூன்றாவது, கடன். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனாளிகளையும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் குறிப்பிடுகிறது. பாவத்தின் காரணமாகக் கடன்பட்டவர் உண்மையாகத் தவ்பா செய்துவிட்டால் அவருக்கும் வழங்கலாம் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் தெளிவுபடுத்துகிறார்கள். நம் ஜமாஅத்துகள் உலமாக்களிடம் கலந்தாலோசித்து இதற்கு ஒரு வழிமுறை வகுக்கலாம். பணத்தை ஆடியவரின் கையில் தராமல், கடன் கொடுத்தவருக்கு நேரடியாகச் செலுத்துவது. குடும்பத்தின் வரவு செலவைச் சில காலம் நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் வைப்பது. கைப்பேசியின் பணப் பரிமாற்றத்தை வீட்டார் அறிய நடத்துவது என்பன அதில் இடம்பெறலாம்.

நான்காவது, வென்றவருக்கும் ஒரு சொல். "நான் இழக்கவில்லை, சம்பாதித்தேன்" என்று சொல்லும் இளைஞர்தான் பத்துப் பேரை உள்ளே இழுப்பவர். அவர் வென்ற தொகை, அவர் முகம் பார்த்திராத ஒரு வீட்டின் அரிசிப் பணம். இழந்தவர் இன்னாரென்று தெரிந்தால் அவரிடமே திருப்பித் தர வேண்டும். தெரியாதபோது, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்து அதிலிருந்து கை கழுவ வேண்டும் என்று அறிஞர்கள் வழிகாட்டுகிறார்கள். சூதாட வா என்று தோழரை வாயால் அழைத்தவரே அதற்காகத் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அழைப்புக்கே இந்நிலை என்றால், 'நண்பரைச் சேர்த்தால் ஊக்கத்தொகை' என்ற இணைப்பை நண்பர்களுக்கெல்லாம் அனுப்புவது எத்தகையது என்பதைச் சிந்திப்போம்.

சகோதரர்களே! உச்ச நீதிமன்றம் நாளை எத்தீர்ப்பும் வழங்கலாம். தடை நீடிக்கலாம், நீங்கி, புதிய உரிமங்கள் வரலாம். குடிமக்களாக அதை மதிப்போம். தடை நிலைக்க வேண்டும் என்று சட்ட வழியில் குரலும் கொடுப்போம். ஆனால் இளைஞரின் கேள்விக்கு நம் பதில் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. உரிமம் என்பது ஓர் அரசு, தான் தண்டிக்கமாட்டேன் என்று தரும் உறுதி; அவ்வளவே. ஒருவரின் கண்ணீரை மற்றவரின் வருவாயாக மாற்றும் ஒன்றை ஆகுமாக்கும் அதிகாரம் எந்த அரசிடமும் இல்லை.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கைகளையும் கண்களையும் பாதுகாப்பானாக! விழுந்தவர்கள் எழுவதற்கு நம்மைத் துணையாக்குவானாக! நம் வீடுகளுக்கு வரும் ஒவ்வொரு காசையும் ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவானாக! ஆமீன்.